ஆறுமணிக்குருவிக்கு ஒதுக்கிய மூலை

திரௌபதி பெருக்கிய இடத்தில் சோற்றைக் கொட்டி அள்ளிச் சாப்பிடலாம் என்று போளூர் ரோட்டில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு பொய்யில்லை. ரோட்டோரத்துப் பயணியர் பங்களாவின் அரை ஏக்கர் வளாகத்தை அவள் விடியற்காலையில் ஒரு முனையிலிருந்து பிடித்தால், வெயில் ஏறுவதற்குள் மறுமுனையில் ஒரு சருகு மிச்சம் இருக்காது. விளக்குமாற்றுக் கோடுகள் மண்ணில் வரிசையாக, எண்ணெய் வைத்து வாரிய தலைபோலப் படிந்திருக்கும். தங்க வரும் அதிகாரிகள் அந்தக் கோட்டின் மேல் கால் வைக்கவே கொஞ்சம் யோசிப்பார்கள். அப்பேர்ப்பட்டவள், நிரந்தர வேலைக்காகப் பத்து வருஷம் காத்திருந்துவிட்டு, அது கைக்கு எட்டிய நாளில் ஒரு கூடை குப்பையைத் தலையில் சுமந்துவந்து அதே வளாகத்தில் கொட்டினாள். அதுவும் மேலதிகாரியின் கண்ணெதிரே. கேட்டவர்கள் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். சொல்லட்டும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள் அவள். கடலையும் சோளமும் பயிரிட்ட குடும்பம். சின்ன வயதில் சோளக்கொல்லைப் பரணில் ஏறி நின்று, தகர டப்பாவைத் தட்டித் தட்டிச் சூறைக்குருவிக் கூட்டத்தை விரட்டுவதுதான் அவளுடைய வேலை. ஆகவே குருவி என்றாலே அவளுக்குத் திருட்டுக் கும்பல், அவ்வளவுதான். முருகையனைக் கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்தாள். அவன் கடலை மண்டியில் மூட்டை தூக்கினான். எழுபத்து நாலில் அவளுக்குப் பங்களாவில் பகுதி நேர வேலை கிடைத்தது. பகுதி நேரம் என்பது காகிதத்தில். அரை ஏக்கருக்கு அது தெரியுமா?

எழுபத்தெட்டு சித்திரையில் ஒரு நாள், வளாகத்தின் தென்மேற்கில், கன்னிமூலையில் நின்ற புங்கமரத்தடியைப் பெருக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எட்டடி தூரத்தில் ஒரு பறவை. மைனாவைவிடச் சற்றுச் சின்னது. வாலே இல்லை என்று சொல்லிவிடலாம், அவ்வளவு குட்டை. முதுகு பச்சை, மார்பு சந்தனம், தோளில் பளீரென்று ஒரு நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டிப் பட்டையாக மை. கடவுள் கையில் மிச்சமிருந்த சாயத்தையெல்லாம் இதன்மேல் கொட்டிவிட்டாரா என்று அவளுக்குத் தோன்றியது. அது இல்லாத வாலை மெதுவாக ஏற்றி இறக்கிவிட்டு, இரண்டு தத்துத் தத்தி, மரத்தின் பின்னால் போய்விட்டது. திரௌபதி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாச்மேன் கோதண்டராமனிடம் ஓடினாள்.

கோதண்டராமன் பட்டாளத்தில் இருந்து வந்தவர். எதைக் காட்டினாலும் இதை நான் வடக்கே பார்த்திருக்கிறேன் என்பார். அன்றைக்கும் அதையேதான் சொன்னார், ஆனால் அன்றைக்கு உண்மையாகவே பார்த்திருந்தார். அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயராம். காலையில் ஆறு, சாயங்காலம் ஆறு, இரண்டு வேளையும் இரட்டைச் சீழ்க்கை அடிக்குமாம். தான் டேராடூனில் இருந்தபோது, மழைக்காலத்தில் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்ததைப் பார்த்தாராம். குளிருக்குத் தெற்கே வந்துவிட்டு, சித்திரையில் திரும்பிப் போகிற வழியில் நம் ஊரில் இறங்குகிறது என்று விளக்கினார். திரௌபதிக்கு வாய் மூடவில்லை. இமயமலைக்கா, இந்த வாலில்லாததா, ராத்திரி ராத்திரியாகப் பறந்தா என்று மூன்று முறை கேட்டாள். அன்று வீட்டுக்குப் போனதும் முருகையனிடம் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் முன்னே நின்றவளிடம் சொன்னாள்.

மறுநாள் குருவி இல்லை.

அடுத்த வருஷமும் வந்தது, ஒரே நாள். அதற்கடுத்த வருஷமும் ஒரே நாள். அத்தனை தூரம் போகிற உயிர் அரை வயிறாகப் போகலாமா என்று திரௌபதிக்கு மனசு ஆறவில்லை. நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்ன செய்வோமோ அதைச் செய்தாள். எழுபத்தொன்பதில் புங்கமரத்தடியைப் பளிச்சென்று பெருக்கி, தண்ணீர் தெளித்து, ஒரு பிடி சோறு வைத்தாள். காக்கைக்கு வைத்துப் பழகிய கை, வேறு என்ன செய்யும்? காக்கைகள்தான் வந்தன. சோற்றையும் தின்று, குருவியையும் துரத்தின. எண்பதில் மண்டியிலிருந்து உடைந்த கடலையைக் கொண்டுவரச் சொல்லி இறைத்தாள். அணில்களுக்குக் கல்யாணச் சாப்பாடு ஆயிற்று. குருவி அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது எதைத்தான் தின்னும் என்று கேட்டதற்கு, டேராடூனில் அதைக் கவனிக்கச் சொல்லி மேஜர் உத்தரவு போடவில்லை என்று கோதண்டராமன் சொல்லிவிட்டார்.

விடை எண்பத்தொன்றில், ஒரு காய்ச்சலில் கிடைத்தது. சித்திரை முதல் வாரத்தில் திரௌபதி நாலு நாள் படுத்துவிட்டாள். ஐந்தாம் நாள் தள்ளாடிக்கொண்டு வந்து பார்த்தால் வளாகமே சருகுக்காடு. இடையில் ஒரு கோடை மழை வேறு பெய்து சருகெல்லாம் ஊறிக் கிடந்தது. தலையில் அடித்துக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனாள். சருகுக்குள் சரசரவென்று சத்தம். குருவி! அலகால் ஒரு சருகைப் பிடித்து அப்பால் வீசியது. தலையைச் சாய்த்து மண்ணைக் கேட்டது. ஒரு குத்து. நெளிந்துகொண்டு ஒரு மண்புழு வெளியே வந்தது. அதை இழுத்து விழுங்கிவிட்டு அடுத்த சருகைப் புரட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று திரௌபதி எண்ணிக்கொண்டே நின்றாள். மூன்று நாளாகவே அது அங்கேதான் இருக்கிறது என்று கோதண்டராமன் சொன்னார்.

அவளுக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருஷமும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்று சாப்பிடு சாப்பிடு என்று உபசாரம் பண்ணியிருக்கிறாள்.

"என் கையாலயே அதோட சோத்துல மண்ணப் போட்டுட்டு வந்திருக்கறேண்ணா" என்றாள் கோதண்டராமனிடம்.

அதற்கப்புறம் அந்த மூலை குருவிக்கு. மாசியில் புங்கம் இலை கொட்ட ஆரம்பித்ததிலிருந்து, மற்ற இடமெல்லாம் பெருக்கி, வாரிய சருகில் நல்லதாகப் பார்த்து கன்னிமூலையில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினாள். பாத்திரம் கழுவின தண்ணீரை அங்கே விட்டாள். கிளறிப் பார்த்துப் புழு வந்துவிட்டதா என்று பரீட்சை பண்ணினாள். வாசலில் கோலம் போடுகிற கையால் புழுவைத் தொடுகிறாளே என்று முருகையன் முகம் சுளித்தான். தொட்டால் என்ன, நீ மண்டியில் வண்டு விழுந்த கடலையைத் தொடவில்லையா என்று ஒரே வார்த்தையில் அவன் வாயை அடைத்தாள். எண்பத்திரண்டில் குருவி ஐந்து நாள் தங்கியது. எண்பத்து மூன்றில் பதினோரு நாள். பதினோரு நாளும் அவள் சாயங்காலம் ஆறுமணிச் சீழ்க்கையைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஒன்றைப் பார்க்கத் தெரிந்துகொண்ட கண் சும்மா இருக்குமா? மாசியில் வேலியோரத்துக் கல்யாண முருங்கை செக்கச்செவேல் என்று பூத்ததும், அவள் தகரம் தட்டி விரட்டின அதே சூறைக்குருவிகள் ரோஜா நிற உடம்போடு வந்து இறங்கின. சோளத்தைத் தின்றவை இங்கே பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்தன. நெற்றியெல்லாம் மகரந்தம் ஒட்டி, திருநீறு பூசிய கூட்டம் மாதிரிக் கிளம்பிப் போயின. பங்குனியில் மஞ்சள் மாங்குயில் வேப்பமரத்தில் கம்பளிப்பூச்சியைப் பிடித்து, கிளையில் அடித்து அடித்துத் தின்றது. ஊருக்குப் புறப்படும் முன் தகைவிலான்கள் கரண்டு கம்பியில் வரிசையாக உட்கார்ந்தன. ஒவ்வொன்றாகக் கிளம்பி, பறந்தபடியே கொசுவைப் பிடித்துக்கொண்டு திரும்பின. எது எதைத் தின்கிறது, எப்போது தின்கிறது என்று அவளைக் கேட்டால் போதும், கேட்டவருக்குப் பஸ் போய்விடும். முருகையன் தன் பெண்டாட்டிக்குக் குருவிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மண்டியில் சொல்லிச் சிரித்தான். ஆனால் முதல் சூறைக்குருவிக் கூட்டம் மண்டிமேல் போன அன்று, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து அவளிடம் சொன்னவனும் அவன்தான்.

எண்பத்து நாலு சித்திரையில் சேதி வந்தது. பத்து வருஷம் முடித்த பகுதி நேரக்காரர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள். வேலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து, இரவு பங்களாவில் தங்கி, வெள்ளிக்கிழமை காலை வளாகத்தைப் பார்வையிட்டு, நோட்டில் எழுதுவார். அவர் எழுத்துதான் திரௌபதியின் தலையெழுத்து. கோதண்டராமன் அவளைக் கூப்பிட்டு, கன்னிமூலையைச் சுத்தம் பண்ணிவிடு, குருவி ஒரு வாரம் பட்டினி கிடந்தால் செத்துவிடாது என்றார். அவருக்கு அவள்மேல் அக்கறைதான். ஆனால் குருவி ஞாயிற்றுக்கிழமைதான் வந்து இறங்கியிருந்தது. மார்பெலும்பு துருத்திக்கொண்டு, முதல் நாள் முழுக்கச் சருகை விட்டுத் தலை தூக்காமல் தின்றது. அதை வைத்துக்கொண்டு எப்படிப் பெருக்குவாள்?

புதன்கிழமை சாயங்காலம் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. தோட்டத்தில் கிடந்த ஒரு நீளக் கல்லைப் புங்கமரத்தடியில் நட்டாள். மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், மஞ்சள் துணி ஒன்றைச் சுற்றினாள். இந்த ஊரில் மஞ்சள் துணி கட்டிய கல்லைச் சுற்றி ஒரு புல்லைப் பிடுங்க யாருக்குத் தைரியம் வரும்? வியாழக்கிழமை குருவி கல்லுக்குப் பின்னாலேயே நிம்மதியாகப் புழு பிடித்தது. அன்று மாலை வந்த அதிகாரி, நடுத்தர வயது, வழுக்கைத் தலை, வளாகத்தைச் சுற்றி நடந்து கன்னிமூலைக்கு வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சமையற்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்த திரௌபதிக்கு நெஞ்சு குதித்தது. வீடு வரைக்கும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

மறந்தது ஒன்றுதான். மறுநாள் வெள்ளிக்கிழமை. கோதண்டராமனின் மனைவி ஜோதியம்மாள் பங்களாவின் பின்கட்டு வீட்டில்தான் இருந்தாள். பக்கத்திலேயே ஒரு அம்மன் எழுந்தருளியிருக்க, ஜோதியம்மாள் சும்மா இருப்பாளா? விடிகாலையில் குளித்துவிட்டு வந்து, அம்மனைச் சருகில் உட்கார வைத்திருக்கிறார்களே என்று மனம் நொந்து, சுற்றிலும் ஒரு இலை விடாமல் வாரி எடுத்தாள். சாணம் தெளித்தாள். எட்டுப்புள்ளிக் கோலம் போட்டு, கற்பூரமும் ஏற்றிவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். இங்கே குருவியைக் காக்கக் கல்லை நட்டு, அது அம்மனாய் முடிந்தது.

திரௌபதி வந்து பார்த்தாள். கோலத்தைப் பார்த்தாள், மதில்மேல் தோளை ஒடுக்கி உட்கார்ந்திருந்த குருவியைப் பார்த்தாள். ஆறு மணிக்கு அது கூவவில்லை. சருகெல்லாம் எங்கே என்று கேட்டாள். பின்னால் குப்பைக்குழியில் என்று ஜோதியம்மாள் பெருமையாகச் சொன்னாள். அந்நேரம் பின்னாலிருந்து கோதண்டராமன் தீப்பெட்டியைக் குலுக்குகிற சத்தம் கேட்டது. திரௌபதி ஓடினாள். புடவை முள்ளில் மாட்டிக் கிழிந்ததையும் பார்க்காமல் ஓடிப்போய், அவர் கையிலிருந்த தீக்குச்சியை வாயால் ஊதி அணைத்தாள்.

"அண்ணி, அது அம்மன் இல்ல. நான்தான் குருவிக்காக மஞ்சள் பூசி வெச்சேன். என்னைத் திட்டறதை அப்புறமா திட்டுங்க, இப்ப ஒரு கூடை குடுங்க" என்றாள் பின்னாலேயே வந்த ஜோதியம்மாளிடம்.

ஜோதியம்மாள் ஒரு கணம் அவளை முறைத்துப் பார்த்தாள். நீ வைத்தது வேண்டுமானால் கல்லாக இருக்கட்டும், நான் கற்பூரம் காட்டியது அம்மனுக்குத்தான் என்று முதலில் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டாள். அப்புறம் கூடையைக் கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல், இன்னொரு கூடையைத் தானும் எடுத்துக்கொண்டாள். குழியில் சருகு ஈரமாகவே இருந்தது; புழுவும் அதிலேயே இருந்தது. இரண்டு பெண்களும் ஓட்டமும் நடையுமாக அள்ளிக்கொண்டு வந்து கோலத்தின் மேலேயே கொட்டினார்கள். மூன்றாவது கூடையைத் திரௌபதி கவிழ்க்கும்போது தாழ்வாரத்தில் இருமல் சத்தம் கேட்டது. அதிகாரி, வாயில் வேப்பங்குச்சியோடு, நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் படியிறங்கி வந்தார். குப்பையை அள்ளிக்கொண்டு போவதற்கு ஆள் போட்டிருக்கிறோமா, கொண்டுவந்து கொட்டுவதற்கா என்று கேட்டார். கோதண்டராமன் அட்டென்ஷனில் நின்றுவிட்டார். திரௌபதி கூடையைக் கீழே வைத்தாள். ஒரு பொய் சொல்லி அது பட்ட பாட்டைப் பார்த்தவள், இன்னொன்றுக்குத் துணியவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள்: குருவி, இமயமலை, சோறு வைத்தது, காய்ச்சல், புழு, கல். தான் நேற்றுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது ஒரு தோட்டக் கல்லுக்கு என்று தெரிந்ததும் அதிகாரியின் காது சிவந்தது.

குருவி எங்கே என்று கேட்டார். எல்லோரும் மதிலைப் பார்த்தார்கள். மதில்மேல் ஒன்றும் இல்லை.

அவர் குச்சியைத் துப்பினார். இவளுடைய பத்து வருஷ வேலையைப் பற்றி எல்லோரும் நல்லபடியாகத்தான் சொல்கிறார்கள் என்றும், அதனால் ஒரு சந்தர்ப்பம் தருவதாகவும் சொன்னார். தான் குளித்துவிட்டு வருவதற்குள் இந்த மூலை பெருக்கியிருக்க வேண்டும். இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை. ஜோதியம்மாள் விளக்குமாற்றைக் கொண்டுவந்து திரௌபதியின் கையில் வைத்து, அவள் தோளை ஒரு முறை அழுத்தினாள். வேறு வழியில்லை என்று அந்தக் கை சொன்னது. திரௌபதிக்கும் தெரிந்தது. குனிந்தாள்.

மரத்துக்குப் பின்னாலிருந்து குருவி இறங்கியது. நாலு பேர் நிற்பதைப் பொருட்படுத்தவே இல்லை, பசி அப்படி. ஒரு சருகைத் தூக்கி வீசியது, தலையைச் சாய்த்தது, குத்தியது. விரல் நீளப் புழு ஒன்று அலகில் சுருண்டது. குளிக்கத் திரும்பிய அதிகாரி பாதிப் படியில் நின்றார். குருவி அதை விழுங்கிவிட்டு, அடுத்த சருகுக்குத் தத்தியது. திரௌபதி நிமிர்ந்தாள். விளக்குமாற்றைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள்.

"ஐயா, பத்து நாள் கழிச்சு வாங்க, பளிச்னு பெருக்கி வெச்சிருக்கறேன்" என்றாள் மெதுவாக. "இப்ப அது சாப்ட்டுக்கினு இருக்குதுங்க. சாப்பிடறவங்களைப் பாதியில எழுப்பக் கூடாதுங்க."

சாப்பிட உட்கார்ந்தவனை எழுப்பக் கூடாது என்பது அந்த அதிகாரிக்கும் அவர் அம்மா சொல்லி வளர்த்ததுதானே. அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். குருவி ஏழு புழு தின்றது, கறையான் மண்ணை ஒரு முறை கிளறியது, நீலத் தோளை உதறிவிட்டு, கழுத்தை மேலே நீட்டி இரட்டைச் சீழ்க்கை அடித்தது. அப்போது மணி ஏழாகப் போயிற்று. ஒரு மணி நேரம் தாமதம், யார் கேட்பது? திரௌபதி சிரித்துவிட்டாள். அதிகாரி எழுந்து உள்ளே போனார். பத்து மணிக்கு அவர் ஜீப் கிளம்பியது.

நோட்டைக் கோதண்டராமன் படித்துக் காட்டினார். வளாகம் மிகத் தூய்மையாகப் பராமரிக்கப்படுகிறது என்று முதல் வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி: தென்மேற்கு மூலை பார்வையிடப்படவில்லை. திரௌபதி அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். இன்னும் ஒரு முறை சொன்னாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று கோதண்டராமனுக்குத் தெரியவில்லை.

குருவி மொத்தம் பதினாறு நாள் இருந்தது. மார்பு உருண்டு, நெஞ்செலும்பு இருந்த இடமே தெரியாமல் ஆயிற்று. பதினேழாம் நாள் காலை ஆறுமணிக்குச் சீழ்க்கை இல்லை. திரௌபதி ஏழு மணி வரை புங்கமரத்தடியில் நின்று பார்த்தாள். பிறகு கொடுத்த வாக்குப்படி அந்த மூலையைப் பளிச்சென்று பெருக்கினாள். அம்மனைச் சுற்றி மட்டும் ஜோதியம்மாளுக்கு விட்டுவிட்டாள்.

நிரந்தர உத்தரவு ஆவணியில் வந்தது. முருகையன் மண்டிக்கு லீவு போட்டுவிட்டு, பூந்தி வாங்கிக்கொண்டு வந்தான். வளாகம் முழுவதையும் நாள்தோறும் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று கோதண்டராமன் உரக்கப் படித்தார்.

"முழுசுமாண்ணா?" என்று கேட்டாள் திரௌபதி.

கோதண்டராமன் காகிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"முழுசும்தாம்மா. பார்வையிடாத மூலையத் தவிர."